உரையாடலில் முறைமாற்றம்: மாண்டரின் ஆய்வுகளும் தமிழ்ப் பேச்சின் ‘ஆ’ இடைச்சொல்லும்

உரையாடலில் ஒருவர் பேச்சு முடிந்து மற்றவர் பேச்சு தொடங்கும் ஒழுங்கை விளக்கும் முறைமாற்றக் கோட்பாட்டைச் சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகியோர் 1974இல் வெளியிட்டனர். பேச்சலகின் முடிவைக் கேட்போர் முன்னரே உய்த்துணர்கின்றனர். அம்முடிவே முறை மாறத்தக்க இடம் என்பது அதன் சாரம். ஆங்கிலப் பேச்சுப் பதிவுகளிலிருந்து உருவான இக்கோட்பாட்டைப் பிறமொழிகளுக்குப் பொருத்தும்போது அவற்றின் தொடரமைப்பும் கருதப்பட வேண்டும்.

இத்தேவையை மாண்டரின் ஆய்வுகள் தெளிவுபடுத்தின. ஆங்கிலம், ஜப்பானியம், மாண்டரின் ஆகியவற்றில் கேட்போர் எழுப்பும் எதிர்வினைக் குறிப்புகளைக் கிளான்சி, தாம்சன், சுசுகி, தாவ் ஆகியோர் 1996இல் ஒப்பிட்டனர். மாண்டரின் பேசுவோர் இவற்றைக் குறைவாகவே பயன்படுத்துகின்றனர். பெரும்பாலும் தொடரின் இலக்கண முடிவு வரை காத்திருக்கின்றனர். ஜப்பானியம் பேசுவோர் தொடரின் இடையிலேயே மிகுதியாக ஒலிக்கின்றனர். ஜப்பானியத்தில் வினைமுற்று இறுதியில் நிற்பதால் தொடரின் போக்கை முன்னறிவது கடினம். சிறுசிறு கூறுகளுக்கும் கேட்போர் குறிப்புக் காட்டுகின்றனர்.

தமிழும் வினைமுற்றை இறுதியில் கொண்ட மொழியாதலின் ஜப்பானியத்தை ஒத்தே இயங்கும் எனக் கருதுவது எளிது. பேச்சுவழக்கு அதனை முழுமையாக ஏற்பதில்லை. “நேத்து சந்தைக்குப் போனேனா” என ஒருவர் கூற, கேட்பவர் “ம்” என்கிறார். “அங்க மாமா நின்னாரா” என்றதும் மீண்டும் “ம்”. “அவருகிட்டயே கேட்டுட்டேன்” என்னும்போதே செய்தி முற்றுப்பெறுகிறது. முதலிரு கூற்றுகளிலும் வினைமுற்று வந்துவிட்டது, வடிவும் வினாவடிவே. எனினும் முறை மாறவில்லை. ‘ஆ’ இடைச்சொல் தொடரை முடித்தும் பேசும் உரிமையைப் பேசுபவரிடமே நிறுத்துகிறது; கேட்பவரிடம் ‘ம்’ என்னும் ஒப்புதலை மட்டும் வேண்டுகிறது. எனவே, இலக்கண முடிவும் முறை மாறத்தக்க இடமும் ஒன்றெனக் கொள்வது தமிழுக்கு முற்றும் பொருந்தாது.

மரபிலக்கணத்தைக் கொண்டு இதனை விளக்க முற்படினும் இடர்ப்பாடு எழுகிறது. நன்னூல் கூறும் அறுவகை வினாவும் எண்வகை விடையும் வினா விடை உறவை நுட்பமாகப் பகுப்பவை. ஆயின் அவை பொருள்நோக்கிலான பகுப்புகள். விடை எப்போது தொடங்குகிறது என்னும் கால ஒழுங்கு அவற்றின் நோக்கமன்று. விடை வேண்டாத ‘போனேனா’ அறுவகையுள் எதனுள்ளும் எளிதில் அடங்காது.

மெய்வினாவையும் இவ்வினாவடிவையும் வேறுபடுத்துவதில் ஒலியேற்ற இறக்கத்திற்கும் இடைநிறுத்தத்திற்கும் பெரும்பங்கு உண்டு. எழுத்து இவற்றைக் காட்டுவதில்லை. ஆதலின் புதின உரையாடல்களைப் பேச்சுத் தரவாகக் கொள்ளும் ஆய்வு இவ்வேறுபாட்டை இழக்கும். வாய்மொழிக் கதைகளைப் பதிப்பிக்கும்போது கேட்போரின் ‘ம்’ நீக்கப்படின், இருவர் சேர்ந்து உருவாக்கிய கதை ஒருவர் கூற்றாகச் சுருங்கும்.

ஸ்டிவர்ஸ் குழுவினர் 2009இல் 10 மொழிகளில் மறுமொழிக் கால இடைவெளியை அளந்தனர். அவற்றுள் மாண்டரினும் இல்லை, தமிழும் இல்லை. தமிழுக்கான தரவைத் தமிழாய்வே திரட்ட வேண்டும். தமிழுடன் கன்னடமும் தெலுங்கும் வழங்கும் தருமபுரி மாவட்டம் அதற்கு ஏற்ற களம். மூன்றும் வினைமுற்றை இறுதியில் கொண்டவை. இண்டூர் போன்றதோர் ஊரில் இசைவு பெற்று இயல்பான பேச்சைப் பதிவுசெய்து, ‘ம்’ நிகழும் இடங்களைக் கால அளவுடன் குறித்தால், ‘ஆ’வின் இப்பணி தொடரமைப்பால் விளைவதா, தமிழுக்கே உரியதா என்பதைச் சான்றுடன் ஆராய இயலும்.