ஏற்காட்டில் கேபினெட் ஃபேனைக் குறைத்து வையுங்கள்

சேலத்தில் அசெம்பிள் செய்த ஒரு கம்ப்யூட்டர் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வந்து சேரும்போது அதற்குள் ஒரு திருகாணிகூட மாறியிருக்காது. சுற்றியிருக்கும் காற்றுதான் வேறாகியிருக்கும். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். கீழே 980 மில்லிபாருக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றழுத்தம் மேலே 850க்கு இறங்கிவிடுகிறது. இதைக் கேட்டதும் கம்ப்யூட்டர் விவரம் தெரிந்தவர்கள் சொல்வது ஒன்றுதான்: மலையில் காற்று லேசு, அதனால் ஃபேனை வேகமாகச் சுற்றவிட வேண்டும். பாதி உண்மைதான். ஆனால் அந்தப் பாதியை மட்டும் நம்பி பயாஸில் எல்லா ஃபேனையும் முழு வேகத்தில் வைத்தால், சத்தத்தோடு ஈரத்தையும் சேர்த்து விலைக்கு வாங்குகிறோம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் கேபினெட் ஃபேனைச் சமவெளியில் வைப்பதைவிடக் குறைத்து வைப்பதே சரி என்பது என் கட்சி.

முதலில் லேசான காற்றின் கணக்கைப் பார்த்துவிடலாம். ஃபேன் இறைப்பது காற்றின் கன அளவை. 1,200 சுற்றில் நிமிடத்துக்கு 30 கன அடி தள்ளும் ஃபேன் மலையிலும் அதே 30 கன அடியைத்தான் தள்ளும். அந்தக் கன அடிக்குள் இருக்கும் காற்றின் எடை மட்டும் குறைவு. 38 டிகிரி கோடையில் சேலத்துக் காற்று கன மீட்டருக்கு சுமார் 1.1 கிலோ, 22 டிகிரி ஏற்காட்டுக் காற்று சுமார் 1 கிலோ. 100 வாட் வெப்பம் விடும் கேபினெட்டில் இந்த 30 கன அடி காற்று சேலத்தில் 6.4 டிகிரி சூடேறி வெளியே வரும், ஏற்காட்டில் 7 டிகிரி. வித்தியாசம் அரை டிகிரிக்குச் சற்று மேல். ஹீட்சிங்க் தகடுகளிலிருந்து வெப்பம் காற்றுக்கு மாறுவதும் கொஞ்சம் மந்தமாகும், அதற்கு இன்னும் இரண்டு மூன்று டிகிரி சேர்த்துக்கொள்ளலாம். டேட்டா சென்டர்களுக்கு விதி வகுக்கும் அமெரிக்காவின் ஆஷ்ரே அமைப்பும் சாதாரண சர்வர்களுக்கு 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அனுமதி வெப்பநிலையில் ஒரு டிகிரியைக் கழிக்கச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் ஏற்காட்டுக்குக் கழிவு 2 டிகிரி. வரவு எவ்வளவு? ஏற்காட்டில் கோடையிலும் 30 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். மூன்று டிகிரி செலவழித்துப் பத்துப் பதினைந்து டிகிரி சம்பாதிக்கும் ஊரில் எதற்காக ஃபேனை விரட்ட வேண்டும்?

அதே ஃபேனை 800 சுற்றுக்கு இறக்கினால் காற்று 20 கன அடியாகிறது, உள்ளே ஏறும் சூடு பத்தரை டிகிரி. 22 டிகிரி அறையில் கேபினெட்டுக்குள் 32.5 டிகிரிதான் இருக்கும். சேலத்தில் 1,200 சுற்றில் ஓடும்போது இருக்கும் 44 டிகிரியோடு ஒப்பிட்டால் இது இன்னும் குளிர்ச்சி. சத்தமோ ஒன்பது டெசிபெல் வரை குறைகிறது, ஃபேன் இழுக்கும் மின்சாரம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. மின்சாரத்தைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதற்கில்லை. ஃபேன் குடிப்பது ஒன்றிரண்டு வாட்தான். ஆனால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, ராத்திரி ஏழு மணிக்கே ஊர் அடங்கிவிடும் இடத்தில், ஒன்பது டெசிபெல் என்பது காதுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த மலையில் கம்ப்யூட்டருக்கு உண்மையான எதிரி மூடுபனி. காப்பித் தோட்டக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். களத்தில் காயும் பார்ச்மென்ட் காப்பியைச் சாயங்காலமே குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவது, பகலெல்லாம் காய்ந்தது ராத்திரிப் பனியில் ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும் என்பதால்தான். கேபினெட்டுக்கும் அதே நியாயம். 18 டிகிரி குளிரில் 95 சதவீத ஈரப்பதத்தோடு ஜன்னல் வழியே வரும் பனிக்காற்று, கேபினெட்டுக்குள் 7 டிகிரி சூடேறினால் ஈரப்பதம் 62 சதவீதமாக இறங்கும். பத்தரை டிகிரி சூடேறினால் 50 சதவீதம். மெதுவாகச் சுற்றும் ஃபேன் மதர்போர்டைக் காயவைக்கிறது. மழைக்காலத்தில் துணி பூஞ்சணம் பிடிக்காமலிருக்க பீரோவுக்குள் ஜீரோ வாட் பல்பு எரியவிடுவார்களே, ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் தனக்குத்தானே அந்தப் பல்பு.

அப்படியானால் ஃபேனையே நிறுத்திவிட்டால் இன்னும் உலருமே என்று கேட்கலாம். ஆர்க்டிக் பி12 போன்ற ஃபேன்கள், வேகத்தைச் சொல்லும் சிக்னல் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் தாமாகவே நின்றுவிடும், ஆகவே ஆசை நியாயமானதுதான். ஆனால் ப்ராசஸருக்குச் சொந்தக் கூலர் உண்டு. பக்கத்தில் இருக்கும் மின்சுற்றுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் கேபினெட் காற்றை விட்டால் நாதி கிடையாது. ஐந்நூறு சுற்றில் ஒரு ஃபேனாவது ஓடட்டும். இதைவிடக் கனமான ஆட்சேபம் கேம் ஆடுபவர்களிடமிருந்து வரும். அவர்களுடைய கிராஃபிக்ஸ் கார்டு 300 வாட் விட்டால் 20 கன அடி காற்று 30 டிகிரிக்கு மேல் சூடேறும், அது கட்டுப்படியாகாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 300 வாட் ஆடும் நேரத்துக்கு மட்டும்தான். எந்த வெப்பநிலைக்கு எவ்வளவு வேகம் என்று பயாஸில் சொல்லும் வளைகோட்டை அந்த நேரத்துக்கு வேகம் கூட்டும்படி வரைந்தால் போயிற்று, அதற்காக நாள் முழுக்க அலறவிட வேண்டியதில்லை.

அந்த வளைகோட்டில்தான் பெரும்பாலான மதர்போர்டுகள் சொதப்புகின்றன. கேபினெட் ஃபேனைப் ப்ராசஸர் வெப்பநிலையோடு கட்டித்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறார்கள். ரைசன் ப்ராசஸர் ஒரு பிரவுசர் திறந்தால்கூட ஒரே நொடியில் பதினைந்து டிகிரி ஏறி இறங்கும், ஃபேனும் கூடவே உறுமி அடங்கும். கேபினெட்டுக்குள் இருக்கும் காற்று அவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை. பயாஸில் ஃபேன் பக்கத்துக்குப் போய், வெப்பநிலை மூலத்தை மதர்போர்டு சென்சாருக்கு மாற்றுங்கள். வேகம் மாறும் தாமதத்தைக் கூட்டுங்கள். குறைந்தபட்ச வேகத்தை 30 சதவீதத்தில் வையுங்கள். எஸ்டேட் ஆபீஸ், பள்ளி கம்ப்யூட்டர் லேப், விடுதி வரவேற்பறை எல்லாவற்றுக்கும் இதுவே போதும். விண்டோஸில் ஓடும் இலவச மென்பொருளான ஃபேன் கன்ட்ரோல் ஒரு படி மேல்: ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டில் எது அதிகம் கேட்கிறதோ அதற்கேற்ப ஃபேனை ஓட்டும் கலவை வளைகோடு அதில் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு அது அவசியம். குறையும் உண்டு. வன்பொருளோடு பேச அது நம்பியிருந்த பழைய டிரைவரை 2025இல் விண்டோஸ் டிஃபெண்டர் ஆபத்தானது என்று குறித்தது. பிறகு வேறு டிரைவருக்கு மாறினார்கள். பழைய பதிப்பைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்க ஏற்றிக்கொடுக்கும் வழக்கம் இதற்கு ஆகாது.

வேகத்தைத் தொடுவதற்கு முன் காற்று போகும் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கேபினெட்டின் முன்பக்க ஜாலியருகே பிடித்தால், புகை உள்ளே நேராக இழுபட வேண்டும். பின்பக்கத்தில் பிடித்தால் வெளியே தள்ளப்பட வேண்டும். இரண்டு பக்கமும் உள்ளே இழுத்தால் ஒரு ஃபேன் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. ஃபேனின் குறுக்குச் சட்டம் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என வைத்தால் உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும். வடிகட்டி இல்லாத இடுக்குகள் வழியே மழைக்கால ஈசலும் மரத்தூளும் நுழையாது. முன்பக்க வடிகட்டியை மாதம் ஒரு தடவை தட்டுங்கள், அடைத்த வடிகட்டியை லேசான காற்று துளைத்துப் போவது சமவெளியைவிடக் கஷ்டம்.

கடைசியாக ஒன்று. மேலே சொன்னதெல்லாம் ஓடும் கம்ப்யூட்டருக்குத்தான். ராத்திரி முழுக்க அணைந்து கிடந்து குளிர்ந்த கேபினெட்டின் தகடு, காலையில் ஜன்னலைத் திறந்ததும் வரும் ஈரக் காற்றில் வியர்க்கும். எந்த ஃபேன் வேகமும் அதைத் தடுக்காது. மேசையை ஜன்னலோரத்திலிருந்து தள்ளிப் போடுங்கள். தகடு தொட்டால் ஈரமாக இருந்தால், அது உலரும் வரை பவர் பட்டனைத் தொடாதீர்கள்.