பனி நின்ற இடம், கடல் நின்ற இடம்

வேதாரண்யம் பக்கம் நிலத்தைக் கவனித்து நடப்பவருக்குத் தெரியும்: மணல்மேட்டில் ஊரும் தென்னையும், இறங்கினால் நெல்வயல், மறுபடியும் மேடு. ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் இந்த மேடுகள் சில ஆயிரம் ஆண்டுகளாகக் கடல் நின்று நின்று விலகிய பழைய கரைகள்.

ஸ்காட்லாந்தின் கிளென் ராய் பள்ளத்தாக்கிலும் இணைகோடுகள் உண்டு. மலைச்சரிவில் 260, 325, 350 மீட்டர் உயரங்களில், வரப்பு கட்டினாற்போல. 1838இல் அவற்றைப் பார்த்த சார்லஸ் டார்வின் கடற்கரைகள் என்று தீர்மானித்து, மறு ஆண்டு கட்டுரை வெளியிட்டார். 1840இல் அங்கே வந்த சுவிட்சர்லாந்து அறிஞர் லூயி அகாசி, பள்ளத்தாக்கின் வாயைப் பனியாறு அடைத்ததால் தேங்கிய ஏரியின் கரைகள் என்றார். ஒருகாலத்தில் பெரும்பனி நிலத்தை மூடிக் கிடந்தது என்ற அவருடைய கொள்கையை நிலவியலாளர் சார்லஸ் லயல் முழுதாக ஏற்றுவிட்டதாக அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு நிலவியலாளரான வில்லியம் பக்லண்ட் அகாசிக்குக் கடிதம் எழுதினார். லயலோ விரைவிலேயே பின்வாங்கினார்.

டார்வின் இருபது ஆண்டுகளுக்கு மேல் இறங்கிவரவில்லை. அவரை இறக்கியவர் பெரிய பேராசிரியர் அல்லர். அபர்டீன் பக்கத்து எல்லன் பண்ணையின் காரியஸ்தர் தாமஸ் ஜேமிசன். தஞ்சை மிராசு வீடுகளின் கணக்கையும் வயலையும் பார்த்துவந்தார்களே, அந்த மாதிரி உத்தியோகம். 1861இல் அவர் கிளென் ராய்க்குப் போய்க் கோடுகளை அளந்து, கண்டதை டார்வினுக்குக் கடிதத்தில் எழுதினார். டார்வின் அவருக்கும் லயலுக்கும் தன் தவற்றை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டு எழுதினார். டார்வினின் கடிதங்களை 30 தொகுதிகளாகப் பதிப்பித்திருக்கிறார்கள். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை இந்தத் தோல்விக் கடிதங்கள்தாம். உலகப் புகழை அடைந்துவிட்டவர் ஒரு காரியஸ்தரிடம் தோற்றதைச் சொல்ல ஒரு வாரம்கூடத் தயங்கவில்லை.

நம் கதைக்கு இன்னொருவர் முக்கியம். பத்திரிகை ஆசிரியர் சார்லஸ் மக்லாரன், அகாசியின் நூலைப் படித்துவிட்டு, அவ்வளவு பனி தரையில் கிடந்தால் அந்த நீரை இழந்த கடல் தாழ்ந்திருக்க வேண்டுமே என்று 1840களின் தொடக்கத்திலேயே எழுதினார். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது என்பது இன்றைய கணக்கு. அப்போது கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே தரைதான். பனி உருகிக் கடல் ஏறி, ஏற்றம் தணிந்த பிறகே காவிரியின் வண்டல் கரையோரம் தங்கிப் படுகையாகப் பரவ முடிந்தது. காவிரியைப் பற்றி எழுதும் நாம் கல்லணையில் தொடங்குகிறோம். இந்தக் கடலில் தொடங்கியிருக்க வேண்டும்.

இந்தியாவில் பனியின் தடம் கண்டவர்களில் ஒருவர் கொள்ளிடத்துக்கு வடக்கேயும் வேலை பார்த்தவர். நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு, அண்ணன் வில்லியமோடும் சக நிலவியலாளர் தியோபால்டோடும் 1856இல் ஒடிசாவின் தால்சேரில், நுண்ணிய களிக்குள் பெரும் உருண்டைக் கற்கள் புதைந்திருப்பதைப் பார்த்தார். ஆற்றுவெள்ளம் கல்லையும் களியையும் பிரித்துப் போடும். இரண்டையும் ஒன்றாகக் கிடத்தியது பனிதான் என்றார்கள். வெயில் நாட்டில் பனியா என்ற சந்தேகம் லேசில் போகவில்லை. 1872இல் பெங்கங்கைக் கரையில் ஃபெடன் என்ற நிலவியலாளர் பனி தேய்த்துக் கீறிய பாறைத்தளத்தையே கண்டார். அந்தப் பனி 30 கோடி ஆண்டுப் பழமை. டார்வின் விவாதித்த பனிக்கும் இதற்கும் உறவில்லை.

ஹென்றி பிறகு திருச்சி மாவட்டத்துக்கு வந்து, கடற்சிப்பிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று பிரிவாக வகுத்து 1862இல் வெளியிட்டார். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். இமயத்தில் பனி மிகுந்தால் அடுத்து வரும் பருவமழை குறையும் என்று 1884இல் எழுதினார். அதைக் கொண்டே 1886இல் முதல் பருவமழை முன்னறிவிப்பு வெளிவந்தது. அந்தத் தொடர்பு பல ஆண்டுகளில் பொய்த்தது உண்மை. ஆனால் குடகில் தென்மேற்குப் பருவம் பெய்தால்தான் மேட்டூர் நிறையும், ஜூன் 12இல் மதகு திறக்கும், குறுவைக்கு நாற்றங்கால் நனையும். அந்த மழையைக் கணிக்க முதலில் பனியைப் பார்த்தவர், ஒருகாலத்தில் நம் பக்கத்து மாவட்டத்தில் சிப்பி பொறுக்கியவர்.