இரைச்சலோடு கேளுங்கள்

பழைய கர்நாடக இசைத்தட்டை முதன்முதலாகக் கேட்பவர்களில் பாதிப் பேர் அரை நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். வாணலியில் கடுகு வெடிப்பது போன்ற ஒரு சத்தம். அதற்கு அடியில் யாரோ பாடுகிறார். “இதைப் போய் எப்படி சார் ரசிக்கிறது?” என்று கேட்கும் இளைஞர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் தடவை இரைச்சலையே கேளுங்கள். அது எவ்வளவு உரக்க இருக்கிறது, ஒரே சீராக வருகிறதா, சுற்றுக்கு ஒரு முறை ‘டக்’ என்று விழுகிறதா என்று கவனியுங்கள். பிறகு உடனே மறுபடி போடுங்கள். சீராக வரும் சத்தத்தைக் காது தானாகவே ஒதுக்கிவிடும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கதை பேசுகிறவர்களுக்கு அதன் ஓசை கேட்பதில்லை அல்லவா? இரண்டாம் தடவையில் பாட்டு முன்னால் வந்துவிடும்.

அடுத்ததாக, எந்தக் கருவி இதைப் பதிவு செய்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டில் இது 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பெர்க் வந்து கௌஹர் ஜானைப் பாடவைத்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டு அச்சானது ஜெர்மனியில், ஹானோவரில். யார் பாடியது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே! அப்போது மைக் கிடையாது. ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நின்று பாட வேண்டும். குரலின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போட வேண்டும். 1925இல் மின்சாரப் பதிவு வரும்வரை உலகம் முழுக்க இதுதான் முறை.

ஆகவே, அந்தக் காலத் தட்டுகளில் பாடகர்கள் கத்துவது போல் இருந்தால் அது அவர்கள் சங்கீதத்தின் குற்றம் அல்ல. மெல்லப் பாடினால் ஊசி நகராது. மிருதங்கத்தின் வலந்தலை ஏதோ தட்டுவது போல் கேட்கும். இடப்பக்கத் தொப்பி கேட்கவே கேட்காது. புனலுக்குத் தாழ்ந்த ஒலிகள் எட்டாது. பல தட்டுகளில் ஆர்மோனியம் கூடவே ஓடும். 1940இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. அதற்குப் பிந்தைய காதுகளுக்கு அது விநோதமாகத்தான் படும்.

புனலுக்கு முன் தயங்காமல் நின்றவர்களில் பலர் தேவதாசி மரபில் வந்த பெண்கள். பெரிய வித்வான்கள் தயங்கினார்கள். கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்களின் தட்டுகளை இன்று அரும்பொருளாக மட்டுமே பார்க்கிறோம், அது அநியாயம். மூன்றரை நிமிடத்துக்குள் பாட்டை எடுத்து, சங்கதி போட்டு, இடமிருந்தால் ஸ்வரமும் பாடி, ஊசி உள்வட்டத்துக்குப் போவதற்குள் சுத்தமாக முடிக்கிறார்கள். எங்கே மூச்சு வாங்கினார்கள் என்று கண்டுபிடிக்க முயன்று பாருங்கள்.

அந்த மூன்றரை நிமிடம்தான் 78 சுற்றுத் தட்டின் விதி. ஒரு பக்கத்துக்கு அவ்வளவுதான் இடம். கச்சேரியில் முக்கால் மணி நேரம் ராகம் பாடும் வித்வானுக்கு இது கழுத்தில் கட்டிய கயிறு. ஆனால் கேட்கும் நமக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் ‘வாசுதேவயனி’ தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணி ராகம். வளர்த்துச் சொல்ல இடமில்லை. ஆகவே ஒவ்வொரு பிருகாவும் எதற்காக வருகிறது என்பது வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. வீணாக ஒரு பிடி இல்லை. இதற்குப் பிறகு, இன்றைய பாடகர் யாராவது அரை மணி நேரம் கல்யாணி பாடுவதைக் கேளுங்கள். எத்தனை பிடிகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று உங்களுக்கே தெரியவரும்.

ஓர் எச்சரிக்கை. 78 சுற்று என்று பெயர்தானே தவிர, பதிவு செய்தபோது தட்டு சரியாக அந்த வேகத்தில் சுற்றியது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வேகம் ஏறத்தாழ ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், தாளமும் துரிதமாகும். இணையத்தில் ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறேன். ஒன்றில் பாடகர் நிதானஸ்தராக இருந்தார், மற்றதில் அவசரக்காரராக. இதை வைத்துக்கொண்டு “அந்தக் காலத்தில் எல்லாரும் வேகமாகப் பாடினார்கள்” என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தக் கட்டையிலும் ஒட்டாமல் இரண்டுக்கும் நடுவில் நின்றால் வேகத்தைச் சந்தேகப்படுங்கள். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா விஷயம் வேறு. மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டப் பாடிப் பழகிய குரல் அது. உயர்ந்த சுருதி அவருக்கு இயல்பு. 1933இல், முப்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டார். நமக்கு மிஞ்சியவை தட்டுகள்தான்.

தட்டுக் காலத்தில் ஒன்றே ஒன்று கேட்பதானால் எதைக் கேட்பது என்றால், யோசிக்காமல் சொல்வேன்: டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. ராத்திரி முழுக்கத் தோடி வாசித்தவர் என்று அவரைப் பற்றிக் கதைகள் உண்டு. தட்டில் அதற்குச் சில நிமிடம். நாகஸ்வரம் வீதிக்கும் கோயில் பிரகாரத்துக்கும் உரிய வாத்தியம். அதைச் சின்ன அறையில் மைக்குக்கு முன் வாசிப்பது சாமானியமல்ல. அவர் கையாண்டது நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனம். பழைய திமிரி நாயனத்தின் கூர்மை அதில் இல்லை. அதனால் கமகம் வளைவது துல்லியமாகக் கேட்கிறது.

இதைக் கேட்கும்போது வேகப் பிடிகளை விட்டுவிடுங்கள். அவை எப்படியும் உங்களைப் பிரமிக்க வைக்கும். அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரம் அல்ல, அசைந்துகொண்டேதான் இருக்கும். அந்த அசைவு எவ்வளவு அகலம், எப்போது சுருங்குகிறது, எப்போது மத்யமத்தை உரசிவிட்டு இறங்குகிறது? பஞ்சமத்தை விலக்கிவிட்டுப் போகும் பிடிகள் தோடிக்குத் தனி அழகு. அவை வரும்போது ஏதோ படி தவறியது போல் ஒரு கணம் தோன்றும். உடனே தைவதம் வந்து தாங்கிக்கொள்ளும். ஊசி தேய்கிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. நான்காவது தடவை போடும்போது அது எனக்கு நினைவிலேயே வருவதில்லை.

வானொலி வந்ததும் மூன்றரை நிமிடக் கணக்கு மாறியது. சென்னை நிலையம் 1938இல், திருச்சி 1939இல். ஆனால் ஒலிபரப்பானது காற்றோடு போயிற்று. டேப் பரவலான பிறகுதான் நீண்ட கச்சேரிகள் நமக்குத் தங்கின. சபாவில் ஓரமாக ஸ்பூல் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்தவர்களுக்கும், வீட்டில் வானொலிக்கு முன் காத்திருந்து பிடித்தவர்களுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும். 1950, 60களின் இந்தக் கச்சேரி டேப்புகள்தான் கர்நாடக சங்கீதத்தின் உண்மையான நூலகம் என்பது என் கட்சி. கம்பெனி வெளியிட்ட தட்டுகள் அதற்கு அடுத்தபடிதான்.

புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு இங்கே மதுரை மணி ஐயர்தான் நல்ல வாசல். ஒலித்தரம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அவர் குரல் சுருதியோடு சேரும் இடம் கேட்கும். ‘சரஸ ஸாமதான’ ஆகட்டும், ‘எப்போ வருவாரோ’ ஆகட்டும், கல்பனாஸ்வரத்துக்கு அவர் வந்ததும் தொடையில் தாளம் போடத் தொடங்குங்கள். ஸ்வரக் கோர்வைகள் கணக்குப் போட்ட மாதிரியே இருக்காது; பேச்சு மாதிரி வந்து, சரியாக எடுப்பில் விழும். விழுந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு ‘ஆஹா’ கேட்கும். யாரோ இருமுவார், நாற்காலி நகரும். இவையெல்லாம் பதிவின் குறைகள் அல்ல. அந்த ‘ஆஹா’ வந்ததால்தான் வித்வான் அடுத்த சுற்று ஸ்வரத்தை இன்னும் துணிந்து போடுகிறார்.

அதே காலத்து டேப்பில் பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம் கிடைத்தால், அவர் வாசிப்பதைவிட வாசிக்காமல் விடும் இடங்களைக் கவனியுங்கள். மைக்கே வேண்டாம் என்று போராடிய மனிதர். தன் வாத்தியத்தின் ஓசை எவ்வளவு தூரம் போக வேண்டுமோ அவ்வளவே போகட்டும் என்று நினைத்தவர். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் கச்சேரிகளை மட்டும் துண்டு துண்டாகக் கேட்காதீர்கள். வர்ணத்தில் தொடங்கி வரிசையாகக் கேளுங்கள். இன்று எல்லா மேடையிலும் நாம் காணும் கச்சேரி வடிவத்தை நிலைநிறுத்தியவர் அவர். ஒரு பாட்டு முடிந்து அடுத்ததற்குப் போகும் அந்த ஓட்டத்தில்தான் அவர் சாமர்த்தியம் இருக்கிறது.

எல்.பி. தட்டுகள் வந்தபோது ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது, இரைச்சலும் குறைந்தது. ராம்நாடு கிருஷ்ணன் அமெரிக்காவில் இருந்தபோது நான்சச் கம்பெனிக்காகப் பாடிய 1960களின் தட்டைத் தேடிப் பிடியுங்கள். மெல்லிய குரலின் கமகம் எல்லாம், மூச்சுக்கூட, அப்படியே பதிந்திருக்கிறது. புனல் காலத்தில் இந்தக் குரலுக்கு இடமே இருந்திருக்காது.

எம்.எஸ். சுப்புலட்சுமியிடம் வேறொரு வாய்ப்பு இருக்கிறது. பத்து வயதில், 1926இல், முதல் தட்டு. 1963இல் வீடுதோறும் போன சுப்ரபாதம். 1966இல் ஐ.நா. சபைக்குப் பாடப் போன பயணத்தில் கார்னகி ஹால் கச்சேரி. நாற்பது வருஷத்தில் ஒரு குரல் என்ன ஆகிறது என்பதை ஒரே மாலையில் கேட்டுவிடலாம். குழந்தைக் குரலில் துணிச்சல் இருக்கிறது. கார்னகி ஹாலில் நிதானம். எனக்கு இரண்டுமே வேண்டும். சுப்ரபாதத்தை மட்டுமே எம்.எஸ். என்று நினைப்பவர்களுக்காக வருத்தப்படுகிறேன்.

கேசட் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாடகர் மகாராஜபுரம் சந்தானம் டீக்கடை வரைக்கும் போனது கேசட்டின் புண்ணியம். இசை எளிமையானது, பரவியது. பத்து நிமிடத்துக்கு மேல் ராகம் பாடினால் விற்காது என்ற எண்ணமும் கூடவே வந்தது. இன்றைய டிஜிட்டல் ஸ்டூடியோப் பதிவுகளில் ஒவ்வொரு வாத்தியமும் பளிச்சென்று கேட்கிறது. ஆனால் பலவற்றில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசித்த உணர்வு இல்லை. அதைவிட, டிசம்பர் சீசனில் மேடையில் பிடித்த பதிவு எதுவும் மேல்.

பழைய பதிவுகளைக் கேட்க விலையுயர்ந்த சாதனம் தேவையில்லை. பெரும்பாலானவை மோனோ. காதுக்குள் செருகும் கருவியில் கீறல் சத்தம் மண்டைக்குள்ளேயே விழும். ஒரு சாதாரண ஸ்பீக்கரை ஐந்தாறு அடி தள்ளி வைத்துக் கேளுங்கள். ராகம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, தட்டு, டேப், எல்.பி., நேற்றைய கச்சேரி என்று வரிசையாகப் போடுங்கள். தோடியில் தொடங்கலாம்.

‘சுத்தம் செய்த’ பிரதிகளைத் தவிர்த்துவிடுங்கள். இரைச்சலை வடிகட்டும் மென்பொருளுக்குத் தம்பூராவின் மேல் ஒலி எது, ஊசியின் ஒலி எது என்று தெரியாது. வயலின் வில் தந்தியில் படும் உரசலையும், பாடகரின் மெய்யெழுத்துகளையும் சேர்த்தே வழித்துவிடுகிறது. மிஞ்சுவது வழுவழுப்பான, உயிரில்லாத ஒரு குரல்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய தட்டுகள் இருந்தால் ஒரு வேண்டுகோள். அவை அரக்கால் ஆனவை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் கரைந்துவிடும். மெல்லிய உலர்ந்த துணி போதும். படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். தாத்தாவின் ஸ்பூல் டேப் இருந்தால் பூஞ்சை பிடிப்பதற்குள் கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றிக் கொடுப்பவர் இரைச்சலை எடுத்துவிடட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.