கரிம விளக்கின் வெள்ளொளி: ஒரு மதிப்பீடு

கரிமப் பொருள்களிலிருந்து வெள்ளொளி தரும் விளக்குகளைப் பற்றி எழுதுவோர் பலர் இரண்டு கூற்றுகளை முன்வைக்கின்றனர். அவ்வொளி சூரிய ஒளிக்கு நிகரானது என்பது ஒன்று. ‘ஆர்கானிக்’ ஆகையால் இயற்கையானது, தீங்கற்றது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கொடைக்கானல் மலையில் வைத்தே உரைத்துப் பார்க்கலாம்.

முதற் கூற்றை எடுத்துக்கொள்வோம். 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில், 1909-ஆம் ஆண்டு ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தார். அதிலுள்ள கருங்கோடுகள் சற்றே இடம் பெயர்ந்திருந்தன. அதைக் கொண்டு, புள்ளியின் வெளிப்பகுதியில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். ஊதா முதல் சிவப்பு வரை தொடர்ந்து செல்லும் பட்டை, அதன் குறுக்கே கருங்கோடுகள்: இதுவே சூரியனின் வெள்ளொளி.

கரிம விளக்கில் நடப்பது வேறு. மிக மெல்லிய கரிமப் படலத்தில் மின்சாரம் பாயும்போது எலெக்ட்ரான்களும் ‘துளை’களும் கூடி மூலக்கூறுகளைக் கிளர்வுறச் செய்கின்றன. அவை பழைய நிலைக்கு மீளும்போது ஒளி உமிழ்கின்றன. 1987-இல் டாங், வான் ஸ்லைக் ஆகியோர் வெளியிட்ட சாதனம் தந்தது பச்சை ஒளியே. பொதுவாக ஒரு பொருள் ஒரு நிறப் பட்டையையே தரும். வெண்மை வேண்டுமாயின் நீலத்துடன் மஞ்சளையோ, பச்சை, சிவப்பு இரண்டையுமோ சேர்க்க வேண்டும். நீலமும் மஞ்சளும் மட்டுமே சேர்ந்தாலும் நம் கண்ணுக்கு அது வெண்மைதான். ஆனால் அவ்வொளியில் சிவப்புச் சேலை மங்கித் தெரியும். மூன்று பட்டைகளும் நன்கமைந்த விளக்கில் இக்குறை பெரிதும் நீங்கும். எனினும் நீலப் பொருள் விரைவில் நலிவதால், நாளடைவில் வெண்மை மஞ்சள் பக்கம் சாயக்கூடும்.

இரண்டாவது கூற்று சொற்குழப்பத்தால் வந்தது. இரசாயன உரமின்றி விளைந்த காய்கறியை ‘ஆர்கானிக்’ என்கிறோம். வேதியியலிலோ அச்சொல் கரிமச் சேர்மத்தைக் குறிக்கும். ஆய்வகத்தில் உருவாக்கியதும் அதில் அடங்கும். பல கரிம விளக்குகளில் இரிடியம் என்னும் உலோகமும் உண்டு. குழல்விளக்கில் உள்ள பாதரசம் இவற்றில் இல்லை என்பது மெய்யான சிறப்பு. பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001-இல் வெப்பமானி ஆலை மூடப்பட்ட கொடைக்கானலில் அதன் அருமை எவருக்கும் விளங்கும். ஆயினும் சாதாரண எல்.இ.டி. விளக்கிலும் பாதரசம் இல்லை. எனவே இது கரிம விளக்குக்கு மட்டுமே உரிய பெருமையன்று.

மாணவர்களே, பழைய குறுந்தகடு ஒன்றை எடுத்து வெவ்வேறு விளக்குகளின் ஒளியை அதில் பிரதிபலிக்கச் செய்து பாருங்கள். சூரியனை மட்டும் நேராகவோ தகட்டிலோ பார்க்க வேண்டாம். பகல் வானின் வெளிச்சமே போதும். வெண்மை ஒன்றாகத் தோன்றினும் அதன் கூட்டு வேறு என்பதைப் பட்டைகளே காட்டிவிடும். விளம்பரத்தை நம்புவதற்கு முன் இச்சோதனையைச் செய்க.