ஏவலும் வினாவும்: தோட்டத் தொழிற்களத்தில் இரு தலைமுறைகளின் மொழி

மொழிவழக்கு, உற்பத்தி உறவுகளினின்றும் தனித்து நிற்பதன்று. ஒருவர் எவ்வாறு பேசுகிறார் என்பது, அவர் எவர்முன் எந்நிலையில் நிற்கிறார் என்பதையும் உணர்த்தும். ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் இன்று இரு கூற்றுக்கள் கேட்கின்றன. “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதையாகப் பேசத் தெரியவில்லை” என்பர் முதியோர். “எங்கள் பெற்றோருக்குப் பேசவே தெரியவில்லை” என்பர் இளையோர். இவ்விரண்டும் ஆராயப்பட வேண்டியவை.

தோட்டத்து உரையாடலின் பழைய வடிவத்தை அறிய, துரைமாருக்கென எழுதப்பட்ட தமிழ்க் கைந்நூல்கள் பெரிதும் உதவுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் வெளிவந்து, சின்னத்துரைமார் கையில் விளங்கிய ஒரு நூலின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். 1915இல் வெல்ஸ் என்பார் வெளியிட்ட நூலோ ‘கூலித் தமிழ்’ எனப் பெயர் பெற்றது. தொன்மை மிக்க ஒரு மொழி, இங்கு ஏவல் வினைகளின் தொகுதியாகச் சுருங்கிவிட்டது. துரை ஏவுவார், கங்காணி அதனை உரக்கச் சொல்வார், தொழிலாளி செய்வார். நன்னூலார் வகுத்த எண்வகை விடைகளுள் ‘நேர்’ ஒன்றற்கே பிரட்டுக்களத்தில் இடமிருந்தது.

ஆயினும் முதியோரின் அடக்கத்தை ஊமைத்தன்மை எனக் கொள்வது பிழை. களத்தில் “சரிங்க தொரை” என்ற அதே நா, லயத்தில் கங்காணியையும் துரையையும் எள்ளிப் பாடியது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ (1983) இதற்குச் சான்று. 1940இல் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் சுடப்பட்டு இறந்தமை, அத்தலைமுறை பேசியதற்குக் கொடுத்த விலையையும் காட்டுகிறது. அவர்களுடைய பணிவு, வேலையும் குடியிருப்பும் ஒருவர் கையிலேயே இருந்த நிலையில் உயிர்வாழக் கற்ற மொழி. எனவே அதனைப் பண்பாடு என்று மட்டும் போற்றுதலும் அடிமைப்புத்தி என்று இகழ்தலும் ஒருங்கே பொருந்தா.

இளையோரின் மொழி வினாவில் தொடங்குகிறது. கொழுந்தின் நிறை குறைந்ததெனக் கணக்கில் அரைப்பேர் விழும்போது, தாய் வாளாவிருப்பாள், மகளோ “ஏன் அரைப்பேர்?” என்பாள். நன்னூலில் வினாவுக்கு எதிர்வினாக் கூறலும் விடையேயாம், “செய்வாயா?” என்றார்க்குச் “செய்யேனோ?” என்பது உடன்பாடு. இன்றைய மலையகத்தின் எதிர்வினாவோ உடன்பாடன்று, கணக்குக் கேட்டல். பள்ளிக் கல்வியும், கொழும்பு சென்று தொழில் புரிந்த அனுபவமும், கைத்தொலைபேசியும் இதற்குத் துணைநின்றன. 2018 ஒக்டோபர் 24ஆம் நாள், ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கோரி இளைஞர்கள் கறுப்பாடையணிந்து காலிமுகத்திடலில் திரண்டபோது, அவர்கள் சங்கத் தலைவரின் அழைப்பை எதிர்பார்த்து நிற்கவில்லை. சமூக ஊடகங்களின் வழியே ஒருவரையொருவர் அழைத்தனர். அத்தொகை 2021இல் சம்பளச் சபையின் வழியே நிர்ணயிக்கப்பட்டது.

எனினும், இளையோர் பேச்சு அனைத்தும் விடுதலைப் பேச்சென முடிவுகட்டல் அவசரமாகும். மலையில் மேற்பார்வைக்கு நிற்கும் இளைஞன், தன் தாயின் வயதினளாகிய பெண்ணை ‘நீ’ என ஏவும்போது, ‘இங்கே வா’ நூலின் அடுத்த பதிப்பையே அவன் எழுதுகிறான். கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். அவர்களை ஏவுவோரோ பெரும்பாலும் ஆண்கள். ஏவுவோரின் வயது மாறினும் ஏவல் மாறாதாயின், தலைமுறை மாற்றம் என்பது வெறும் ஆள்மாற்றமே.

ஆகவே மரியாதை உண்டா, இல்லையா என்பது நம்முன் உள்ள வினாவன்று. எவருக்கு எவர் மரியாதை தரக் கடமைப்பட்டுள்ளார் என்பதே வினா. முதியோர் அதனைப் பாட்டில் மறைத்துக் கேட்டனர். இளையோர் களத்தில் நின்று கேட்கின்றனர். கேட்கப்படும் பொருள் ஒன்றே என்பதை இருசாராரும் உணர்வராயின், லயத்துக்குள் நிகழும் இப்பூசல் தணியும். விடைகூற வேண்டியவர் எவர் என்பதும் தெளிவாகும்.