வன்னியின் பழைய மீன்பிடிக் கருவிகள்: இனங்காண்பதும் காலம் கணிப்பதும்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் துப்பாக்கி செய்து பிழைத்தவர் றைலி ஹஸ்கல். 1859இல் அவர் செப்புத் தகட்டில் மீன் உருவம் ஒன்றைச் செய்து, வாலில் தூண்டில் முள்ளைப் பொருத்திக் காப்புரிமை பெற்றார். அவர் செய்த பெரிய அளவிலான பொய்மீன் ஒன்று 2003இல் நடந்த ஏலத்தில் 1,01,200 டொலருக்குப் போனது. அங்கே பழைய பொய்யிரைகளைச் சேர்ப்போருக்குத் தனிச் சங்கம் இருக்கிறது, விலைப்பட்டியல் இருக்கிறது, தரம் பிரிக்கும் முறையும் இருக்கிறது. தகட்டில் பொறித்த பெயரையும் காப்புரிமை ஆண்டையும் முதலில் பார்ப்பார்கள். மரத்தில் கடைந்த மீன் என்றால் கண்ணைப் பார்ப்பார்கள். கண்ணாடிக் கண் பெரும்பாலும் முற்காலத்தது, வண்ணம் தீட்டிய கண்ணும் பிளாஸ்ரிக் உடலும் பிந்தியவை. முள்ளை உடலோடு மாட்டும் கொளுவியின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியதால், ஹெடன் போன்ற நிறுவனத்தின் பொய்யிரையை அதைக் கொண்டே சில ஆண்டு எல்லைக்குள் நிறுத்திவிடலாம். வந்த பெட்டி கெடாமல் இருந்தால் விலை ஏறும். மேலே புதுவண்ணம் பூசியிருந்தால் விழுந்துவிடும்.

இந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு முல்லைத்தீவுக் கரைக்கோ முத்தையன்கட்டுக் குளத்துக்கோ போனால் ஒன்றும் அகப்படாது. நம் கருவிகளில் செய்தவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, பெட்டி இல்லை. அதனால் அவற்றுக்கு வரலாறே இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம். அது பெரும் பிழை. வன்னியின் வலையும் கூடும் தூண்டிலும் தம் காலத்தைத் தம் உடம்பிலேயே வைத்திருக்கின்றன. நாருக்குள்ளும் சாயத்துக்குள்ளும் பொத்தலை மூடிய முடிச்சுக்குள்ளும் அது இருக்கிறது. படிக்கத் தெரிந்த கண்கள்தான் குறைந்துவருகின்றன.

வன்னியில் மூன்று நீர் இருக்கிறது, மூன்று மரபு இருக்கிறது. ஒன்று கடல், மற்றது களப்பு, மூன்றாவது குளம். ஒன்றின் கருவியை மற்றதன் அளவுகோலால் அளக்கக் கூடாது.

கடல் மரபின் தலைக்கருவி கரைவலை. சாலையிலிருந்து மாத்தளன், முள்ளிவாய்க்கால், கள்ளப்பாடு, அளம்பில், செம்மலை, நாயாறு என்று கொக்கிளாய் வரைக்கும் மணற்கரை நெடுகிலும் இந்த வலைக்குப் பாடுகள், அதாவது வலை வளைக்கும் இடங்கள், இருந்தன. சம்மாட்டி ஒருவரின் வலையை இரண்டு வரிசை ஆள்கள் நின்று இழுப்பார்கள். இதன் பழைய அமைப்பைத் தெரிந்துகொள்ள இரண்டு நூல்கள் உதவும். கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த யோசப் பியர்சன் 1923இல் இலங்கையின் மீன்பிடிக் கருவிகளைப் பற்றி எழுதினார். 1956இல் கனகரத்தினமும் மெட்கோஃபும் கரைவலைத் தொழிலைத் தனியாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். நைலோன் நம் கரைக்குப் பரவலாக வந்தது 1950களின் பிற்பகுதியில். ஆகவே இந்த இரண்டு ஆய்வுகளும் நாரும் நூலும் ஆண்ட காலத்தின் கடைசிச் சாட்சிகள் என்று கொள்ளலாம். காலம் கணிக்க முனைகிற எவரும் இவற்றைத் தொடாமல் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து.

பழைய கரைவலையின் கைகள் தென்னந்தும்புக் கயிற்றால் ஆனவை. கண்கள் அகலமானவை. மடியை நெருங்க நெருங்கக் கண் சிறுத்து, நூல் பருத்திக்கு மாறும். சூடையும் நெத்தலியும் தங்க வேண்டிய மடி மிகவும் நெருக்கமாக இருக்கும். எங்காவது ஒரு துண்டு மட்டும் கிடைத்தால், அது கையா மடியா என்பதைக் கண்ணளவும் நாரும் சேர்ந்து சொல்லிவிடும். அடுத்து நாரைச் சோதிக்கலாம். ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கும் இழை ஒன்றை மட்டும் எடுத்துச் சுடரில் காட்டுங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து சாம்பலாகும். நைலோன் உருகிச் சுருண்டு கடினமான மணியாக இறுகும். வலையின் அடிநூல் பருத்தியாகவும் ஒட்டுப்போட்ட இடம் நைலோனாகவும் இருந்தால், அந்த வலை 1950களின் பிற்பகுதியிலோ அதற்குப் பின்னரோ கடலுக்குப் போயிருக்கிறது. இழுகயிற்றையும் பாருங்கள். மனிதக் கை இழுத்த கயிற்றில் தேய்வு பரவலாக இருக்கும். அண்மைக் காலத்தில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் இழுத்த கயிறு ஒரே பக்கம் தட்டையாகி மினுங்கும்.

சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பருத்தி வலை உப்புநீரில் உக்கிப்போகும். அதைக் காக்கப் பனிச்சங்காயை இடித்து ஊறவிட்டு, அந்தத் துவர்ச் சாற்றில் வலையைத் தோய்த்து மணலில் காயப் போடுவார்கள். நூல் முறுகிக் கருஞ்சிவப்பாகும். ஒருமுறை தோய்த்தால் போதாது, சில கிழமைக்கு ஒருக்கால் மீண்டும் தோய்க்க வேண்டும். அதனால் ஒரு பழைய பருத்தி வலையை வெயிலில் விரித்துப் பார்த்தால் அதன் வாழ்க்கை வரிசையாகத் தெரியும். முதல் பின்னல் கறுப்பாக இருக்கும், அதற்குப் பின்னர் பொத்திய இடம் கடும் கபிலமாக இருக்கும், கடைசியாகப் பொத்தியது தேயிலைச் சாயம்போல் வெளிறியிருக்கும். நிறத்தின் ஏணியைக் கீழிருந்து மேலே வாசித்தால் எந்தக் கிழிசல் முந்தியது, எது பிந்தியது என்று சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட வலையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கண்காட்சிக்கு வைப்பவர்கள் அதன் பதிவேட்டை அழித்துவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும் அது கேடுதான்.

களப்பு மரபுக்குக் காலம் சொல்வது மூன்றிலும் கடினம். நந்திக்கடலிலும் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் தடிகளை ஊன்றி வலையை வேலிபோல் நிறுத்தும் சிறகுவலை, மீனை வழிநடத்தி அடைக்கும் களங்கட்டி, இறாலுக்கும் நண்டுக்கும் வைக்கும் கூடு ஆகியவற்றில் தடியும் கம்பும் பருவத்துக்குப் பருவம் மாறிவிடும். ஐம்பது ஆண்டுப் பழக்கமுள்ள கூடு ஒன்றில் ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட கம்பு ஒன்றும் இல்லாதிருக்கலாம். இங்கே பழமை பொருளில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. வாய் எந்தக் கோணத்தில் உள்ளே மடிகிறது, சிறகு நீரோட்டத்துக்கு எப்படிச் சாய்கிறது, கண் எத்தனை விரல் என்பவற்றை அளந்து வரைந்து வைப்பதே களப்புக் கருவியைச் சேமிக்கும் வழி. இரவில் தென்னோலைச் சூள் பிடித்து இறால் பார்த்த காலத்துக்குப் பின்னர் வந்த பெற்றோமக்ஸ் விளக்கு மட்டும் விதிவிலக்கு. அதன் எண்ணெய்த் தொட்டியில் நிறுவனப் பெயரும் இலக்கமும் பொறித்திருக்கும். ஒரு வாடியில் கிடைக்கும் பொருள்களில் வெளிநாட்டுச் சேகரிப்பாளரின் முறை அப்படியே பலிப்பது இதில்தான்.

குளத்துக்கு வருவோம். வன்னி மண்ணில் குளமும் ஊரும் ஒன்றாகவே பிறந்தவை. வற்றுக் காலத்தில் ஊரே இறங்கி விராலும் கெழுத்தியும் உழுவையும் பிடிக்கும். அதற்கு வேண்டியவை கரப்பு, அத்தாங்கு, பறி, தூண்டில் ஆகிய நான்குதான். கரப்பு, அடியும் மேலும் திறந்த கூம்புக் கூடை. முழங்கால் அளவு தண்ணீரில் அதைச் சடாரென்று அமுக்கி, மேல்வாயால் கையை விட்டு உள்ளே சிக்கிய மீனைப் பிடிக்க வேண்டும். ஒரு கரப்பைக் கையில் எடுத்தால் நான் முதலில் மேல்வாயைத்தான் தடவிப் பார்ப்பேன். உண்மையாகப் பயன்பட்ட கரப்பில் அந்த விளிம்பைச் சுற்றிய பிரம்பு, முழங்கை உரசி உரசி எண்ணெய் தேய்த்ததுபோல் வழுவழுப்பாக இருக்கும். அடிக்குச்சிகளின் நுனி சேற்றில் குத்திக் குத்தி ஒரே சீராக மழுங்கியிருக்கும். விருந்தினர் விடுதிச் சுவருக்கென்று செய்த கரப்பில் இரண்டும் இராது. நுனிகள் கத்தி வெட்டிய கூர்மையோடே நிற்கும்.

குளத்துக் கருவிகளுக்குக் காலம் சொல்ல இரண்டு கல்நட்ட எல்லைகள் உண்டு. இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. ஆகவே இரணைமடுவில் மீன் பிடிக்கச் செய்தது என்று ஒரு குடும்பம் உறுதியாகச் சொல்லும் கருவி இருபதாம் நூற்றாண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. இரண்டாவது எல்லை திலாப்பியா. இந்த ஆபிரிக்க மீன் 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு மெல்ல மெல்லக் குளங்களை நிறைத்தது. அதன் உடல் அகலத்துக்கு அளவெடுத்த செவுள் வலை எதுவும் அதற்குப் பிந்தியதே. விராலுக்குக் கட்டிய தூண்டிலும் திலாப்பியாவுக்குக் கட்டிய வலையும் ஒரே கொட்டிலில் தொங்கினால், இரண்டு காலம் அங்கே அருகருகே தொங்குகிறது என்று எழுதி வையுங்கள்.

தூண்டில் முள் மூன்று மரபுக்கும் பொது. ஊர்க் கொல்லர் அடித்த முள்ளில் சுத்தியலின் தட்டை முகங்கள் தண்டு நெடுகத் தெரியும். எதிர்முள் உளியால் கீறி நிமிர்த்தியதாக, ஒன்றுக்கொன்று உயரம் மாறி நிற்கும். தலை துளை இல்லாமல் தட்டையாக விரிந்திருக்கும். நோர்வேயின் முஸ்டாட் நிறுவனம் 1877 முதல் இயந்திரத்தில் முள் செய்யத் தொடங்கியது. அந்த வகைத் தொழிற்சாலை முள்ளில் வளைவு ஒரே அச்சு, எதிர்முள் ஒரே கோணம், மேலே வெள்ளீயம் அல்லது நாகப் பூச்சு. தட்டைத் தலையை மட்டும் கொண்டு கொல்லர் முள் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். தொழிற்சாலைகளும் தட்டைத் தலை முள்ளைச் செய்தன. தண்டையும் எதிர்முள்ளையும் சேர்த்தே பாருங்கள்.

பொய்யிரை நம்மிடம் இல்லையென்று நினைப்பவர்கள் கணவாய்த் தூண்டிலைப் பார்த்ததில்லை. மரத்தில் அல்லது ஈயத்தில் சிறு உடல், அடியில் வட்டமாக விரிந்த எதிர்முள் இல்லாத ஊசிகள். கணவாயின் கைகள் சிக்க அதுவே போதும். தென் ஜப்பானின் ககோஷிமாக் கரையில் மரத்தில் இறால் உருவம் செதுக்கிக் கணவாய் பிடித்த மரபை அங்கே நூதனசாலைப் பொருளாகப் போற்றுகிறார்கள். மாலைதீவினர் சூரை மீனுக்கு, இரை கோக்காமல், பளபளக்கும், எதிர்முள் இல்லாத முள்ளைப் பயன்படுத்துகிறார்கள். நம் கரையில் பாரைக்கும் அறுக்குளாவுக்கும் படகின் பின்னால் இழுக்கும் முள்ளில் வெள்ளைச் சேவல் இறகும் பளிச்சென்ற நாடாவும் கட்டுவது இதே குடும்பம். இங்கே காலத்தைக் காட்டுவது கட்டிய நூல். பருத்தி நூல் கட்டு முந்தியது, நைலோன் பிந்தியது, கண்ணுக்குத் தெரியாத தங்கூசி அதற்கும் பிந்தியது. வெள்ளைக்காரரின் குளத்தூண்டில் மரபு ஒன்றும் அயலில் உலவியது. சென்னை மாகாண அதிகாரி எச். எஸ். தோமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் பற்றியும் 1887இல் குளத்துத் தூண்டில் பற்றியும் நூல்கள் எழுதினார். பித்தளைக் கரண்டி உருவில் ஒரு பொய்யிரை பழைய வளவில் கிடைத்தால் அந்த வழியையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி, காலம் கணிப்பவரைச் சிக்கவைக்கும், வன்னிக்கே உரிய ஒரு பொறியைச் சொல்ல வேண்டும். இயற்கைப் பொருளென்றால் பழையது, செயற்கை என்றால் புதியது என்ற பொதுவிதி இங்கே செல்லாது. போர் நடந்த 1990களில் எரிபொருள், பற்றறி உட்படப் பல பொருள்களுக்கு வன்னியில் தடை இருந்தது. கடலுக்குப் போவதற்கும் கட்டுப்பாடு. அந்த ஆண்டுகளில் தொழிலாளர்கள் கிடைத்ததைக் கொண்டு செய்தார்கள். தேய்ந்த செருப்பு மிதவையானது, பழைய பற்றறித் தகடு உருகி ஈயக் குண்டானது, கைவிட்டுப்போன பின்னல் மீண்டும் கைக்கு வந்தது. அப்படிச் செய்த ஒரு மரமிதவை பார்வைக்கு நூறாண்டுப் பழசுபோலத் தோன்றலாம். அதில் கோத்த கயிறு நைலோனா, துளை கம்பியைக் காய்ச்சிச் சுட்டதா, துறப்பணத்தால் குடைந்ததா என்று பாருங்கள். 1990களின் பொருள் என்று தெரிந்தால் அதன் மதிப்புக் குறையாது. என் பார்வையில் நூறாண்டுப் பொருளைவிட அது அரியது, ஏனெனில் அந்த ஆண்டுகளின் உழைப்புக்கு வேறு சாட்சி மிகக் குறைவு.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையின் வாடிகளைத் துடைத்தது. 2008, 2009 போர்க்கால இடப்பெயர்வில் எஞ்சியவற்றையும் மக்கள் வழியில் விட்டுவிட்டு உயிரோடு வந்தார்கள். அதனால் இங்கே முழுமையான கருவி என்பது அரிது. ஒரு கை முடிச்சு வலை, ஒரு மண்குண்டு, ஒரு வலை ஊசி கிடைத்தாலே போதும். பழுது பார்த்த கருவியைக் குறையுள்ளது என்று ஒதுக்கும் வெளிநாட்டுத் தரம் நமக்கு வேண்டாம். நம் தரத்தில் பொத்திய வலையே முதல் தரம். ஆனால் பெயரும் ஊரும் தெரியாத அழகிய கருவி மூன்றாம் தரம்தான்.

இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கொட்டிலில் இப்படி ஏதும் இருந்தால் கழுவாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள், புதுக்கயிறு கோக்காதீர்கள். ஒரு அட்டையில் அதை வீட்டில் என்ன பெயரால் அழைத்தார்கள், எந்தக் குளத்தில் அல்லது எந்தப் பாட்டில் பயன்பட்டது, என்ன மீனுக்கு, எந்த மாதங்களில், யார் செய்தது என்று எழுதிக் கட்டுங்கள். அந்த விவரம் தெரிந்த பெரியவர் இன்னும் இருக்கும்போதே எழுதுங்கள். பின்னர் உங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ பள்ளிக்கூடத்திலோ கொண்டுபோய்க் கொடுங்கள். ஒவ்வொரு சங்கமும் இதற்கென்று ஒரு அலுமாரியை ஒதுக்கினால் போதும், வன்னிக்கு ஒரு நூதனசாலை அங்கிருந்தே தொடங்கும்.