வாளும் பேருந்தும்: 'கர்ணன்' திரைப்படத்தைக் குறித்து

மாரி செல்வராஜ் இயக்கி 2021 ஏப்ரலில் வெளிவந்த 'கர்ணன்' திரைப்படத்தை, வத்திராயிருப்புப் பகுதியில் வாழ்வோர் வெறும் கதையெனக் காண்பது அரிது. வலிப்புக் கண்ட சிறுமி ஒருத்தி நடுச்சாலையில் கிடக்கிறாள்; வண்டிகள் விலகிச் செல்கின்றன; ஒன்றும் நிற்கவில்லை. பொடியங்குளம் என்னும் அவ்வூருக்குப் பேருந்து நிறுத்தமே கிடையாது. போதகர் பலர் இக்காட்சியை நல்ல சமாரியன் உவமைக்கு விளக்கமாக எடுத்தாள விழைவர். அதில் விரைய வேண்டாம் என்பேன். உவமையில் விலகிப்போனோர் இரு தனிமனிதர். இங்கே விலகிப்போவது ஓர் ஏற்பாடு.

நம் மாவட்டத்தார் இதனை அறிவர். கட்டபொம்மனின் படைத்தளபதியாயிருந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் 1997இல் விருதுநகர் மாவட்டத்தில் அரசு ஒரு போக்குவரத்துக் கழகத்தைத் தொடங்கிற்று. தேவேந்திரகுல வீரர் ஒருவரின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோமெனச் சாதி இந்துக்கள் பலர் மறுத்தனர். கலவரம் மூண்டது, உயிர்கள் மாண்டன. அவ்வாண்டிலேயே போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டன. ஒரு பெயரைப் பொறுக்கமாட்டாமையால் எல்லாப் பெயர்களும் போயின!

படத்தின் பின்னணியில் நிற்பதோ கொடியங்குளம். 1995 ஆகஸ்ட் 31ஆம் நாள் ஏறத்தாழ 600 காவலர் அவ்வூருக்குள் புகுந்து, மக்களை அடித்து வீடுகளைச் சூறையாடினர். அவர்கள் உடைத்த பொருள்களை நோக்குங்கள்: தொலைக்காட்சிப் பெட்டிகள், மின்விசிறிகள், தையல் இயந்திரங்கள். கடவுச்சீட்டுகளும் அழிக்கப்பட்டன. வளைகுடா நாடுகளில் உழைத்தோர் அனுப்பிய பணத்தால் தலைநிமிர்ந்த தலித் ஊர் அது. அந்நிமிர்வே அடிக்கப்பட்டது.

இவ்வுண்மையை இயக்குநர் ஓரிடத்தில் மிக நுட்பமாகத் தொடுகிறார். காவல் நிலையத்திற்கு வந்த ஊர்ப் பெரியவர்களை அதிகாரி கண்ணபிரான் அடித்து நொறுக்குகிறான். அவர்கள் செய்த குற்றம் யாது? நிமிர்ந்து நின்றதும், துரியோதனன் முதலிய பெயர்களைத் தாங்கியிருந்ததுமே. படத்தின் உச்சம் இதுவே. பலரும் புகழும் கழுதைக் காட்சியன்று.

ஆயினும் படம் பொடியங்குளத்தை இல்லாமையின் ஊராகவே காட்டுகிறது. உண்மையான ஊர் தாக்கப்பட்டது இல்லாமையாலன்று, உண்டானதால். கடவுச்சீட்டும் தையல் இயந்திரமும் திரையில் நொறுங்கியிருப்பின், பார்வையாளரின் இரக்கம் வேறொன்றாக, சற்றே சங்கடமான ஒன்றாக, மாறியிருக்கும். இரக்கப்படுவது நமக்கு எளிது. பிறர் உயர்வைப் பொறுப்பதே அரிது.

இரண்டாவது குறை வாள். கர்ணன் கண்ணபிரானைக் கொல்கிறான், அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. கொடியங்குளத்தில் அத்தகைய பழிதீர்ப்பு எதுவும் நிகழவில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1967இல் நிகழ்ந்த கலவரத்தின்போது, அல்ஜியர்ஸ் விடுதியில் கறுப்பின இளைஞர் மூவர் கொல்லப்பட்டதைப் பற்றி காத்ரின் பிகலோ 2017இல் எடுத்த 'டெட்ராய்ட்' படத்தில், குற்றஞ்சாட்டப்பட்ட காவலர் நீதிமன்றத்தில் விடுவிக்கப்படுகின்றனர். உண்மையிலும் அவ்வாறே நடந்தது. அப்படத்தைக் கண்டோர் மனஆறுதலின்றியே எழுந்து செல்வர். நம் படமோ தீமைக்கு ஒரு முகத்தைத் தந்து, அம்முகத்தை வெட்டி, நம்மை இளைப்பாறச் செய்கிறது.

பல்லாண்டு சிறையிலிருந்து மீளும் கர்ணனை ஊரார் ஆடவைக்கும் இறுதிக் காட்சியில் மட்டும் அவ்விளைப்பாறுதல் சற்றே கலைகிறது. தீக்குளித்து மாண்ட முதியவரின் ஓவியம் அங்கே இருக்கிறது. கர்ணனால் உடனே ஆட இயலவில்லை.